பதினொரு செம்பருத்தி

எங்கள் நாய் ஷெரி வாந்தி எடுத்த இடத்தில் சிவப்பு இதழ்கள் கிடந்தன. அப்பா அதைப் பார்த்தார். பிறகு கேட்டருகே நின்ற என் செம்பருத்தியைப் பார்த்தார். உள்ளே போய்க் கத்தியோடு வந்தார்.

“நாய் இருக்கிற வூட்ல இந்தச் செடி வேணாம்னு அப்பவே சொன்னேன்.”

மூன்று வருடத்துக்கு முன், நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மாதத்தில் நட்ட குச்சி அது. இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. வீட்டில் அதிகம் வாய் திறக்காதவள் நான். ஆனாலும் அப்பாவுக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றேன்.

“அது செம்பருத்தி இல்லப்பா.”

“பின்ன? செவப்பா கெடக்குதே.”

“இன்னிக்கு பதினொரு பூ பூத்துது. பதினொண்ணும் செடியிலயே இருக்குது. எண்ணிப் பாரு.”

அப்பா நம்பாமல் எண்ணினார். “பூவ எண்ணிக்கினுதான் ஒக்காந்திருக்கியா நீ?”

தினமும் எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

ஷெரி கால் மடங்கிப் படுத்துவிட்டது. அப்பா கத்தியை மதிலோரம் போட்டுவிட்டு அதைத் தூக்கினார். எதிர்வீட்டுக் கிருஷ்ணசாமி அண்ணன் ஆட்டோவை எடுத்தார். கீழே கிடந்த வாந்தியை நான் ஒரு கவரில் வழித்துக்கொண்டேன்.

“அய்ய, அத எதுக்கு பாப்பா வண்டில ஏத்துற?” என்றார் அவர்.

“டாக்டர் கேப்பாங்கண்ணே.”

அன்று வெள்ளிக்கிழமை. ஆட்டோவின் முன் கண்ணாடியில் புதிய செவ்வரளி மாலை ஆடிக்கொண்டிருந்தது. நெல்லித்தோப்பைத் தாண்டும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“அண்ணே, போன வாரத்து மாலைய என்ன பண்ணீங்க?”

“சாமி பூவாச்சே, கால்ல மெறிபடக் கூடாது. காலைல ஒங்க செவுத்து மேல வெச்சேன்.”

எங்கள் மதில் இடுப்பளவுதான். ஷெரி எழுந்து நின்றால் எட்டும்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஜரினா, “என்ன தின்னுச்சு?” என்று கேட்டார். அப்பா பேசுவதற்குள், “அரளி மாலை” என்று கவரை நீட்டினேன். அவர் கையுறை விரலால் கிளறினார். இதழ்களோடு மாலை கட்டிய நூலும் வந்தது.

“அரளியேதான். காஞ்சாலும் வெஷம், இதயத்தையே நிறுத்திடும். என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சதால நேரம் வீணாகல.”

ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் ஷெரி தலையைத் தூக்கி என் கையை நக்கியது.

“அப்ப செம்பருத்தி, டாக்டரம்மா?” என்றார் அப்பா.

“அதத் தின்னா பயமில்ல. நெறைய தின்னா வயிறு கொஞ்சம் பொரட்டும், அவ்ளோதான்.” என் பக்கம் திரும்பினார். “என்னம்மா படிக்கிற?”

நான் குனிந்துகொண்டேன். இந்தக் கேள்விக்கு ‘வூட்ல சும்மாதான் இருக்குது’ என்பதுதான் அப்பாவின் பதில்.

“தோட்டம் பூரா இதோட பொறுப்பு, டாக்டரம்மா,” என்றார் அப்பா. “ஒரு பூ கொறைஞ்சாலும் கண்டுபுடிச்சிடும்.”

நான் நிமிர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் அந்தக் கத்தியை எடுத்து உள்ளே வைத்தார். கிருஷ்ணசாமி அண்ணன் ஆட்டோவிலிருந்த மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு செடியருகே தயங்கி நின்றார்.

“அடுத்த வெள்ளிக்கெழமைக்கு வண்டிக்கு ஒன் பூவு குடுப்பியா பாப்பா?”

“காலைல எண்ணிட்டுச் சொல்றேண்ணே.”