வீடியோவுக்குக் கீழே இருந்த வரிகள்

கஸாக் நாட்டு அலதாவ் மலையடிவாரத்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட்டில் புதுப் புத்தகம் வந்திருந்தது. அதில் எழுத்தும் உண்டு, படத்தைத் தொட்டால் வீடியோவும் ஓடும். எழுத்தை யார் சீண்டினார்கள்? ஏழாம் வகுப்பு மொத்தமும் வீடியோவே கதியென்று கிடந்தது. மோல்திரும் அப்படித்தான். அதுவும் வகுப்பில் சத்தம் வைக்கக் கூடாது என்பதால் எல்லாமே ஊமைப் படம்.

அன்று கஸாக் வழக்கங்கள் பற்றிய பாடம். வீடியோவில் உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு கைக்குழந்தை ஆட்டின் கால் எலும்பை இறுகப் பிடித்தது. பிறகு அந்த எலும்பைச் சிவப்புத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டினார்கள்.

மோல்திருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "டீச்சர், இது எங்க வீட்டுலயும் இருக்கு. என் கட்டிலுக்கு மேலயே மாட்டியிருக்கு. நான் பிடிச்ச எலும்புன்னு அம்மா சொல்வாங்க."

ஷாகிசாதா டீச்சருக்கு முகம் மாறியது. "உக்காரு கண்ணு. நாம அடுத்த பக்கம் போவோம்."

பக்கத்தில் இருந்த சன்ஜார் விடுவானா? "பெருசா பீத்திக்கிறியே, கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?" என்று ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தான். "தத்தெடுத்த குழந்தையின் கையில் இந்த எலும்பைக் கொடுத்து, இனி இது நம் பிள்ளை என்று..." பாதியில் அவன் வாய் அடைத்துப்போனது.

மோல்திர் சுற்றிலும் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் திகைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் டீச்சருக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியுமென்றால் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்து பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு பாழாய்ப்போன புத்தகம் போட்டு உடைத்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினாள். அம்மா குல்பாஷ் பவுர்சாக் மாவு உருண்டைகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். மோல்திர் எலும்பைச் சுவரிலிருந்து பிடுங்கி வந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு. என்னைப் பெத்தது யாரு?"

கரண்டி கீழே விழுந்தது.

"ராபிகா சித்தி," என்றாள் குல்பாஷ். "எனக்குப் பிள்ளை இல்லன்னு அவளாதான் குடுத்தா. ஆனா நீ எலும்பைப் பிடிச்சதும் அவளுக்கு மனசு தாங்கல. எல்லார் முன்னாலயும் உன் கையிலேர்ந்து பிடுங்கப் பாத்தா. நீ வீல்னு கத்தினியே தவிர, விடல. அதைப் பாத்துட்டுத்தான் உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போனா."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை. அந்த எலும்பை அடுப்பில் எறியவேண்டும் என்றுதான் மோல்திர் எடுத்து வந்தாள். விரல்கள் பிரியவே மாட்டேன் என்றன.