ஈரம் பார்க்க ஒட்டிய தாள்

தையல்காரர் வீட்டின் பின்பக்கம் புதிதாக இழுத்துக் கட்டிய அறையின் தரை, அந்த அறைக்கு உரியவள் இறந்த மாதத்தில் மூச்சு விட ஆரம்பித்தது. அதே மாதம்தான் சிமென்ட் விலையும் ஏறியது.

அவள் தையல்காரரின் ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சீட்டிச் சத்தம் கேட்கும் என்பதால் தெரு முழுக்க அவளை விசில் என்றே கூப்பிட்டது. அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். அவள் படுத்த பழைய அறையில் தரை ஈரம் சுவரில் முழங்கால் உயரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து கொட்டும். அந்த அறை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னால் ஓர் அறை கட்டிவிடலாம் என்று தையல்காரரும் சொன்னார். தீபாவளித் துணிகூடச் சொன்ன நாளில் கொடுத்துவிடுகிற மனிதர், இதை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

கட்டத் தொடங்கியதும் கொத்தனாரின் உயிரை எடுத்துவிட்டார். ஜல்லியும் மணலும் கொட்டி இடித்து இறுக்கி, மண்ணின் ஈரம் ஏறாதிருக்க மேலே பாலித்தீன் தாள் விரித்தபோது, “ஓரத்துல தாராளமா விடுங்க, பின்னால பிரிஞ்சா யார் தைக்கிறது?” என்று தாளைச் சுவர்வரை மடித்து ஏற்றி, இணைப்புகளில் தானே டேப் ஒட்டினார். குளிர் தடுக்க அதன்மேல் தெர்மாகோல் பலகைகள் பரப்பினார்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்பு மகள் வந்து, பலகையில் கன்னம் வைத்து ஒருக்களித்துப் படுத்தாள்.

“மெத்துனு இருக்குப்பா. நான் இப்படியே தூங்கிடுறேன், நீங்க மேல போட்டுக்கோங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் பலகையின்மேல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து எழுந்தாள். கான்கிரீட் காய்வதற்குள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

கீழே தாள் இருப்பதால் கான்கிரீட்டின் ஈரம் மேல்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது போய்விட்டதா என்று பார்க்க, கொத்தனார் மிச்சத் தாளில் ஒரு சதுரம் வெட்டித் தரையில் காற்றுப் புகாமல் ஒட்டிவைத்தார். தாளுக்கடியில் வியர்த்தால் டைல்ஸ் ஒட்டக் கூடாது. மறுநாள் வியர்த்திருந்தது. அதில் அதிசயமில்லை. ஆனால் வெண்மூட்டம் படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது. குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்த கொத்தனார், “ஈரம் இருக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். வேறென்ன சொல்வார், பாவம்.

தையல்காரர் கண்ணுக்கு ஈரம்தான் தெரிந்தது. “இதுவும் ஊறிப்போச்சா!” என்று சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி தாளை மறித்து உட்கார்ந்தாள்.

“கை வைக்காதீங்க. காதை வச்சுப் பாருங்க.”

வைத்தார். அதே சீட்டி. சின்னதாக ஒன்று, இன்னொன்று, பிறகு கேட்பவர் மூச்சே நின்றுபோகிற அளவுக்கு ஓர் இடைவெளி, அப்புறம் ஓர் இழுப்பு. ஆஸ்பத்திரியில் அழாத மனிதர், சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அதன்பிறகு அந்த வீட்டில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவவில்லை; பக்கத்து அறையைக் கழுவினாலும் இழுப்பு கூடியது. ஜன்னல்கள் பகலெல்லாம் திறந்து கிடந்தன. தையல் மெஷினை அவர் அந்த அறைக்கே கொண்டுவந்தார். தரை காயக் காய இடைவெளிகள் குறைந்தன. சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு கோடையில் சீட்டிச் சத்தம் நின்றது. மனைவி கூப்பிட்ட குரலில், மகள் இரண்டாம் முறையும் போய்விட்டாள் என்றே நினைத்து, வாயில் கவ்விய நூலோடு ஓடிவந்தார். மூட்டம் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. சத்தமே இல்லாமல், நிதானமாக, பிறந்ததிலிருந்து அவள் ஒருநாளும் விடாத மூச்சு.

“இந்தத் தரையை அன்னைக்கே போட்டிருக்கணும்” என்றார்.

அது உண்மைதான். மனைவி ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்துவிட்டாள்.

கொத்தனார் வந்து, அந்தச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிக்கொடுத்தார். துணி வாங்க வருகிறவர்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள். பொண்ணு எப்படி இருக்கா என்று யாராவது கேட்டால் அம்மா சொல்வாள்:

“இப்பல்லாம் இழுப்பே இல்ல. நல்லா தூங்குறா.”

கேட்டவர்கள் அதன்பிறகு மெதுவாகப் பேசுவார்கள்.