கண்ணாடி மேல் ஒரு தாள்

"உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி அக்கா," என்று டைரக்டர் பேனாவை நீட்டினார்.

அவளுடைய அண்ணனைப் பற்றிய படம். நாட்டை ஆண்ட தளபதியைப் பூசணித் தலையனாக்கி, தடையை மீறி ரகசியமாக காமிக்ஸ் எழுதியவன் அவன். போலீஸ் பிடித்துக்கொண்டுபோன மூன்றாம் நாள் பிணமாகத்தான் வீடு திரும்பினான். அவன் எழுதிய பக்கங்களைத் திரையில் காட்டத் தங்கையின் சம்மதம் வேண்டும்.

அவள் பேனாவைத் தொடவில்லை. திரைக்கதையின் கடைசிப் பக்கங்களில் மசி, போலீஸ் ஜீப்புக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான்.

மசி, அண்ணனின் கதைகளுக்குப் படம் வரைந்தவன். விரல் நுனியில் எப்போதும் மை இருக்கும். அதனால் அந்தப் பெயர். போலீஸ் வந்த நாளில், அவர்கள் கூடி எழுதும் வீட்டு அறையில் அவன் மட்டும் இல்லை. பல் பிடுங்கப் போயிருந்தான். ஊருக்கு அது போதாதா? இருபத்தேழு வருஷமாகக் காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டத்தோடு, வண்டிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைக்கிறான். தெருவில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

"மசியண்ணன் காட்டிக்கொடுக்கல," என்றாள்.

"பின்னே யாரு?"

"அண்ணன் மாட்டினது என்னாலதான்."

டைரக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்கறது என் வேலை. அன்னிக்கு நகலையெல்லாம் பத்திரமா பைக்குள்ள திணிச்சேன். அசல் தாள் மெஷின் மூடிக்குள்ளயே கண்ணாடி மேல கிடந்துச்சு. எனக்கு அடுத்து ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். மூடியைத் தூக்கினா பூசணித் தலையன் சிரிக்கிறான். கடைக்காரருக்கு ரெண்டு அறை விட்டதும் எங்க வீட்டைச் சொல்லிட்டாரு. இதெல்லாம் கடைக்காரரே அப்புறம் எங்கிட்ட சொன்னாரு. நான்தான் யார்கிட்டயும் வாய் திறக்கல."

டைரக்டர் உச்சுக்கொட்டினார். "ஒரு தாளை மறந்ததுக்கு ஹீரோ செத்தான்னு எடுத்தா தியேட்டர்ல சிரிப்பாங்க அக்கா. ஜனங்களுக்குத் துரோகி வேணும். மசி இல்லேன்னா, அது நீங்கதான்."

"மறந்துட்டேன் தம்பி. துரோகம் பண்ணல."

"திரையில அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு இருபத்தேழு வருஷம் இருந்ததே. எதிர்ப்பக்கம் போய்விடும் அந்தக் குனிந்த தலை கண்ணுக்குள் வந்து நின்றது.

"மசியண்ணன் வர்ற சீனைக் கிழிச்சுப் போடுங்க," என்று பேனாவை வாங்கினாள்.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் கடை செட். பழைய மெஷினை எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தார்கள். அவளாக நடிக்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கடையை விட்டுக் கிளம்பும்போது மனசுல என்ன ஓடுச்சு? முகத்துல என்ன காட்டட்டும்?"

"ஒண்ணுமில்லம்மா. வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. மாடியில துணி காயப்போட்டிருந்தேன். நனையறதுக்குள்ள எடுக்கணுமேன்னு ஓடினேன்."

பெண் தலையாட்டினாள். கேமரா ஓடியது. நகல்களைப் பைக்குள் திணித்து, வானத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியேறினாள். அச்சு அசல் அப்படியே. நாற்காலியில் இருந்தவள் தன்னையறியாமல் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"கட்!" டைரக்டர் கத்தினார். "என்னம்மா இது, கடைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி? அண்ணனைக் காவு குடுத்துட்டுப் போறே! வாசல்ல நில்லு. திரும்பி அந்த மெஷினைப் பாரு. கண்ணு கலங்கணும்."

ஆறாவது டேக்கில் சரியாக வந்தது. அந்தப் பெண் வாசலில் நின்றாள். மெல்லத் திரும்பி, மூடியிருந்த மெஷினைக் கண்ணீரோடு பார்த்தாள். யூனிட்டே கைதட்டியது.

நாற்காலியில் இருந்தவள் மட்டும் தட்டவில்லை. அன்றைக்கு அப்படி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.