சனிக்கிழமைக் குளிர்

உள்ளே வந்ததும் விப்கா போய்த் தொட்டது அப்பாவை அல்ல, ஜன்னலுக்கடியில் இருந்த, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை. வெதுவெதுவென்றிருந்தது, அவ்வளவுதான். நிலவறையில் எரிவாயு பாய்லர் ஓடிய காலத்தில் தொட்ட கை சுட்டுவிடும். கை சுட்டால்தான் ஹாம்பர்க்காரர்களுக்கு வீடு சூடாக இருக்கிறது என்று நம்பிக்கை வரும்.

அப்பாவைக் குளிரில் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

அப்பா ஹின்ரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். காலையில் முதலில் பார்த்தவர் மாடிவீட்டு ஃபோல்க்கெர். அவரிடம் ஒரு சாவி உண்டு. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டாக்டரை அழைத்ததும் ஃபோல்க்கெர்தான். பாய்லரைப் பிடுங்கிவிட்டு வீடுகளைச் சூடாக்க முற்றத்தில் மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்பை வைக்கலாம் என்று வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்ததும் இதே ஃபோல்க்கெர்தான். கிழவர் குளிரில் விறைத்துச் செத்தார் என்று இவர் வாயிலிருந்து வருமா?

அவள் கண்ணால் கண்டதுதானே. பம்பு வந்ததிலிருந்து, சனிக்கிழமை அவள் வரும்போதெல்லாம் அப்பா கம்பளித் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டிருப்பார். அதற்கு முன் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காதவள், அதன்பின் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. காலுறை, போர்வை, வெந்நீர்ப் பை என்று சுமந்து வந்தாள். இன்று வியாழன்.

போர்வையை விலக்கினாள். அப்பா வெறும் பனியனோடு கிடந்தார்.

"ஸ்வெட்டரெல்லாம் எங்க?"

"அலமாரியிலதாம்மா இருக்கும்," என்றார் வாசலில் நின்ற ஃபோல்க்கெர்.

"யார் கழட்டினது? டாக்டர் கண்ணுல படக்கூடாதுன்னு நீங்களா?"

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அனுமதி கேட்பதுபோல ஹின்ரிக்கின் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள அவன் அதைப் போட்டதே இல்லம்மா. என்கூடச் சீட்டாட வர்றப்பகூட பனியன்தான். சனிக்கிழமை மட்டும், நீங்க வர்றதுக்கு முன்னாடி ரேடியேட்டரை மூடிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுட்டு, தொப்பியை மாட்டிக்குவான்."

"பொய் சொல்றீங்க."

"ஏன்டா பம்புக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றேன்னு நானே திட்டியிருக்கேன். சூடா இருக்குன்னு தெரிஞ்சா எம்பொண்ணு வரமாட்டாடான்னான்."

கழுத்தெல்லாம் வியர்த்திருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததிலிருந்து கோட்டைக் கழற்றவில்லை. இந்த வீட்டில் அதைக் கழற்றும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

ஃபோல்க்கெர் சத்தமில்லாமல் மாடிக்குப் போனார்.

உயிர் போன அறையில், ஆன்மா வெளியேற ஜன்னலைத் திறந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். யாரும் திறந்திருக்கவில்லை. விப்கா ரேடியேட்டரின் குமிழைத் திருகி மூடினாள். ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள். முற்றத்திலிருந்து பம்பின் மெல்லிய இரைச்சல் வந்தது. சனிக்கிழமைகளில் உட்காரும் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அறை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.