வரவா என்று கேட்டால்

எங்கள் தீவில், புளியங்கூடலில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதி வீடுகளில் வயது போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது மூச்சு இழுக்கத் தொடங்கினால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிற பிள்ளை முதலில் போன் எடுப்பது எனக்குத்தான். என்ன வருத்தம், என்ன மருந்து என்றெல்லாம் அதிகம் விசாரிக்க மாட்டார்கள். "நிலாந்தி அக்கா, வரவா?" அவ்வளவுதான் கேள்வி. வேலையில் லீவு, பிளேன் டிக்கெட், சின்னப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, எல்லாம் என் ஒரு சொல்லில் தொங்கும். வா என்றால் விழுந்தடித்து வருவார்கள். பொறு என்றால் பொறுப்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஐ.சி.யு. டொக்டர். வாய் கொஞ்சம் பொல்லாதது என்று ஊரில் பெயர். ஆனால் என் சொல் பிழைத்ததில்லை என்றும் பெயர். வேலணைப் பக்கம் யாருக்காவது வருத்தம் கடுமை என்றால், "நிலாந்தி என்ன சொன்னவ?" என்று சந்தையில் வைத்தே கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. தாராளமாக இருந்தது.

தீவிர சிகிச்சையில் ஆராய்ச்சி செய்யும் டொக்டர்மாருக்கான பெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பெருமைதான் எனக்கு உதவியது. "இந்த ஆய்வு ஏன்?" என்று தேர்வுக் குழுவில் கேட்டார்கள். எங்கள் தீவின் கேள்வியைச் சொன்னேன். ஒரு நோயாளி ஐ.சி.யு.வுக்கு வந்த முதல் நாளிலேயே பிரஷர், ஒட்சிசன், சிறுநீர், வயது எல்லாவற்றையும் வைத்து, இவர் தப்புவாரா என்று கணிக்க ஒரு வழி கண்டுபிடித்தால், கடல் கடந்து இருக்கிற பிள்ளைக்கு வா, வரவேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லலாம் என்றேன். குழுவில் இருந்த ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெலோஷிப் எனக்குக் கிடைத்தது.

ஆய்வு தொடங்கிய கொஞ்ச நாளில் எங்கள் பெரியம்மாவையே கொண்டுவந்து என் முன்னால் கிடத்தினார்கள்.

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா, நல்லம்மா. புருசன் மாத்தறையில் கடை வைத்திருந்தவர், அவர் போய் வருசக்கணக்கு. ஒரே மகன் கோபிசங்கர் ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறான். பெரியம்மாவுக்குத் துணையாக றஞ்சனி என்ற அயல்வீட்டுப் பெண் கூட இருந்தாள். காய்ச்சலை மூன்று நான்கு நாள் யாருக்கும் சொல்லாமல் கொத்தமல்லி குடித்தே சமாளித்திருக்கிறா மனுசி. வந்து சேர்ந்தபோது நெஞ்சு முழுக்கச் சளி, பிரஷர் இல்லை, நினைவில்லை. குழாய் போட்டு மெஷினில் விட்டோம்.

நான் என் கணக்கைப் போட்டேன். தப்ப வழியில்லை என்று வந்தது. எங்கள் பெரிய டொக்டர், "அவசரப்படாதையும், இன்னும் ஒரு நாள் பாப்பம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என் பெரியம்மா, என் கணக்கு, இவருக்கென்ன. அதற்குள் கோபி போனில் வந்துவிட்டான்.

"அக்கா, வரவா?"

"வா," என்றேன்.

அவன் வந்து இறங்கினான். அதற்கு முன்பே மனுசி கண் முழித்து, குழாய் கழற்றி, காலிப் பக்கத்துச் சிங்கள நேர்ஸ் பிள்ளையிடம் பழைய மாத்தறைச் சிங்களத்தில் பால் விடாத பிளேன்ரீ கேட்டுக்கொண்டிருந்தா. கோபி கட்டிலடியில் நின்று தாயைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சந்தோசப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டு நின்றேன்.

வீட்டுக்குக் கூட்டிப் போனபின் இன்னொரு கூத்து நடந்தது. மகன் கொண்டுவந்த சாமான்களைத் தானே எடுத்து அடுக்கவேண்டும் என்று பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சூட்கேசைத் திறந்தா. சொக்கிலேற் பெட்டிகளுக்கு மேலே, மடிப்புக் குலையாமல் ஒரு புது வெள்ளை வேட்டி இருந்தது.

"இதென்னடா தம்பி? ஆரின்ரையேன் கலியாணமே?"

நான் சுவரைப் பார்த்தேன். மனுசி வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு விளங்கிவிட்டது.

"எட கோதாரி! எனக்குக் கொள்ளி வைக்க எல்லே கொண்டந்திருக்கிறாய்!"

அழப்போகிறா என்று நினைத்தேன். சிரித்தா. இருமல் வரும்வரை சிரித்தா. றஞ்சனி ஓடிவந்து முதுகைத் தடவவேண்டியதாகிவிட்டது. அதன்பிறகு வீட்டுக்கு வந்த சனம் எல்லாருக்கும் அதே கதைதான்: "கொள்ளி வைக்க வந்தவன் இப்ப எனக்கு நண்டுக்கறி வைக்கிறான், பாத்தியளே!"

மெய்யாகவே வைத்தான். ஊர்காவற்றுறைக்குப் போய் நண்டு வாங்கி வந்து, குசினியில் தாயைக் கதிரையில் இருத்திவிட்டு, அவ சொல்லச் சொல்லச் சமைத்தான். கிணற்று மோட்டரைத் திருத்தினான். ரெண்டு பேரும் ரிவி ரிமோட்டுக்குச் சண்டை பிடித்தார்கள். அவன் நின்ற அந்த ரெண்டு கிழமையும் பெரியம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. போகிற அன்று அவன் வேட்டியைத் திரும்ப எடுத்து வைக்கப் போக, மனுசி பறித்துக் கற்பூரக்கட்டி போட்டு அலுமாரிக்குள் வைத்தா.

"இது இஞ்சை கிடக்கட்டும். அடுத்த முறை பாரம் தூக்காமல் வா."

வாசல் படலையடியில் நான் கோபியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சும்மா இருங்கோ அக்கா, அம்மா இருக்கிறா, அது காணும்," என்றான். ஆனால் இருந்த லீவெல்லாம் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

ஊர் விடுமா? "பிள்ளை, இந்த முறை மெய்யாத்தானோ, நல்லம்மாக்காவுக்குச் சொன்ன மாதிரியோ?" என்று பஸ்ஸுக்குள் வைத்து நக்கல் அடித்தார்கள். பெலோஷிப் கூட்டத்தில் பெரியம்மாவைப் பெயர் சொல்லாமல், தவறிய கணிப்பு என்று திரையில் போட்டுக் காட்டினேன். பிழையை மறைக்காமல் காட்டியதற்கு அவர்கள் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இனி ஒரு சொல்லும் பிழைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாரி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பிரஷர் பார்த்தேன், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன், எல்லாம் திறம். றஞ்சனி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, ஒரு உதவி செய்வியே?" என்று பெரியம்மா தொடங்கினா. "எனக்குக் கடுமை எண்டு கோபிக்கு ஒருக்காச் சொல்லன்."

"உங்களுக்கென்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கிறியள்."

"அதாலைதான் உன்னைச் சொல்லச் சொல்லுறன். முந்திப் பிழையாச் சொன்னனி, பெடியன் ஓடி வந்தான். இப்ப தெரிஞ்சு சொல்லு."

"பெரியம்மா, அது பொய்."

"ஓம், பொய்தான். நான் மெய்யெண்டே சொன்னனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "நீங்களே வரச்சொல்லிக் கேளுங்கோவன். ஒவ்வொரு நாளும் போனிலை கதைக்கிறியள்தானே."

"நான் கேட்டால் சித்திரைக்குப் பாப்பம், ஆடிக்குப் பாப்பம் எண்டுவான். அவனிலை பிழையில்லை, அங்கத்தை வேலை அப்பிடி. நீ ஒரு சொல்லுச் சொன்னால்தான் அவன் பிளேன் ஏறுவான்." என் கையைப் பிடித்துக்கொண்டா. "அவனை ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடக்கடி. நான் சாகக் கிடக்கேக்க வந்து என்ன பிரியோசனம்? எனக்கு நினைவிராது. நல்லா இருக்கேக்க வந்தால் எல்லோ கதைக்கலாம்."

அந்த இடத்திலாவது நான் கொஞ்சம் பொறுத்திருக்கவேண்டும். எங்கே பொறுத்தேன்! பஸ்ஸில் கேட்ட நக்கல் எல்லாம் தலைக்குள் வந்து நின்றது.

"என்னாலை ஏலாது," என்று கத்தினேன். "ஊரிலை என்ரை சொல்லுக்கு ஒரு மதிப்பிருக்கு. உங்கடை ஆசைக்காக அதை நாசமாக்க ஏலாது. உங்களாலை ஒருக்காப் பட்டது காணும்."

உங்களால் என்றேன். நான் விட்ட பிழை அவவுடையது என்ற மாதிரி. சாகாமல் விட்டது அவவின் குற்றம் என்ற மாதிரி. றஞ்சனி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பெரியம்மா மெல்லக் கையை எடுத்தா.

"சரி பிள்ளை, கோவிக்காதை. இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

அடுத்த கிழமை கோபி எடுத்தான். "அக்கா, அம்மாவின்ரை குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. ஒண்டுமில்லை எண்டுறா. வரவா?"

"தேவையில்லை," என்றேன். "பிரஷர், சுவாசம் எல்லாம் திறம். நான் பாத்தனான். ஆடிக்கு லீவெடுத்து ஆறுதலா வா." போனை வைத்தபின் ஒரு திருப்தியும் வந்தது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்த முறை பிழைக்காது.

பிழைக்கவுமில்லை, என் கணக்குப்படி. பங்குனியில் ஒரு காலை, நான் வார்ட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது றஞ்சனி எடுத்தாள். பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவவாம், அப்படியே சரிந்தவவாம், தூக்கிப் பார்க்க உயிர் இல்லையாம். காய்ச்சலில்லை, மூச்சிழுப்பில்லை, ஐ.சி.யு. இல்லை. நான் கணக்குப் போட எனக்கு ஒரு இலக்கம்கூடத் தரவில்லை மனுசி.

கோபிக்கு நான்தான் போன் அடித்தேன். அவன் போனை எடுத்ததும், நான் வாய் திறக்கமுதலே, "அக்கா, வரவா?" என்றான். நான் "வா" என்றேன். "கடுமையோ?" என்று கேட்டான். திரும்பவும் "வா" என்றேன். அவனுக்கு விளங்கிவிட்டது. கூட வேலை செய்கிறவர் யாரோ பக்கத்தில் ஆங்கிலத்தில் என்னவென்று கேட்பது கேட்டது.

அவன் வரும்வரை உடலை வைத்திருந்தோம். இந்த முறை அவன் கையில் ஒரு சின்னப் பைதான் இருந்தது. அலுமாரியைத் திறந்து வேட்டியை எடுத்து றஞ்சனி கொடுத்தாள். கற்பூர மணம் வீடெல்லாம் பரவியது. அதைக் கட்டிக்கொண்டுதான் அவன் கொள்ளி வைத்தான்.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த பின்னேரம், வந்த சனம் போய்விட்டது. முற்றத்தில் ரெண்டு கதிரையைப் போட்டு நானும் கோபியும் இருந்தோம். எனக்கு ஒரே யோசனைதான். அன்று அவன் போனில் கேட்டபோது பொய் தேவைப்படவேயில்லை. அம்மாவுக்கு ஒண்டுமில்லை, ஆனால் உன்னைப் பாக்க ஆசைப்படுறா. அவ்வளவுதான் சொல்லியிருக்கவேண்டும். அத்தனையும் உண்மை. அதைக் கேட்டிருந்தால் அவன் எப்படியும் வந்திருப்பான். பிரஷரைச் சொன்னேன், சுவாசத்தைச் சொன்னேன், அவவின் ஆசையை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமென்று சொல்லித்தானே பெலோஷிப் வாங்கினேன், சண்டாளி.

"அக்கா," என்றான் கோபி. "ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அம்மா என்னைத் தேடினவவோ? வரச்சொல்லிக் கேட்டவவோ?"

றஞ்சனி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றாள்.

சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் இவன் தாங்கமாட்டான் என்று எனக்கு நானே ஒரு காரணமும் தேடிக்கொண்டேன். தாங்கமாட்டாதவள் நான்தான். அவன் இனி என்னை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது.

"இல்லை, கோபி," என்றேன். "ஒரு நாளும் கேக்கேல்லை. நீ வந்து போனதே காணும் எண்டு சந்தோசமாத்தான் இருந்தவ."

தாய் உயிரோடு இருந்து கையைப் பிடித்துக் கேட்டபோது சொல்லாத பொய்யை, எனக்காகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

கோபி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கன நேரம் அழுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான், தாய் பிடித்த அதே கையை.

"இப்பதான் மனசு ஆறிச்சுது. வேறை ஆரும் சொன்னால் நம்பமாட்டன் அக்கா. நீங்கள் பொய் சொல்லமாட்டியள்."

றஞ்சனி தட்டைக் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.