மூன்று சர்வர், ஒரு பட்டியல்
மூன்றிலும் லினக்ஸ்தான், வேறென்ன, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம்... பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிடுவார், பட்டியல் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், பயமா எனக்கு, இல்லை, குதூகலம்தான்... சர்வர் அறை வாசலில், மடியில் லேப்டாப்போடு, கை இரண்டும் பட்டியலில் இருக்க, பக்கத்தில் கிடந்த போனிடம் பேசிக்கொண்டிருந்தாள், அவள் பேசப் பேச அது எழுத்தாக்கி வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது. "அண்ணா, எந்த சர்வருக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்னு நான்தான் சொல்லணும், நான்! மூணுக்கும் லினக்ஸ்!" அண்ணன் உடனே பதில் போட்டான், "ஆமாடி, கடிகாரத்தக் கழட்டுன ஸ்க்ரூடிரைவராலயே மிக்ஸியையும் கழட்டுனவதானே நீ." பாவி, அந்த மிக்ஸி அப்புறம் ஓடவே இல்லை... சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. வெப்சைட்டுக்கு லினக்ஸ், சரி, மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும். டேட்டாபேஸுக்கும் அதுவே, ஆனால் நேற்று வந்த புதுசு வேண்டாம், ஐந்து வருடம் அப்டேட் வருகிற பதிப்பு. மூன்றாவது? ஆபீசில் நாற்பது பேரும் காலையில் பாஸ்வேர்ட் போட்டு நுழைவது அதன் வழியாகத்தான், நாற்பதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்... அடக் கடவுளே, எனக்குப் பிடித்தது என்பதற்காக நாற்பது பேரை வாசலில் நிறுத்தப் பார்த்தேனே, அதற்கு விண்டோஸ் சர்வர்தானே பொருத்தம்! அழித்து எழுதினாள், விரல் பறந்தது, பட்டியலின் கடைசிக் கட்டம், யார் கவனிப்பது... "மூணையும் பாத்துக்கறது நான், நான், நான்!" வாய்விட்டே சொன்னாள், போன் அதையும் குழுவுக்கு அனுப்பியது.

அம்மாவின் செய்தி வந்து விழுந்தது. "அத்தனையும் நீ ஒருத்தியே பாத்துக்கணுமாடி? எத்தன நாளைக்கு?"

"அஞ்சு வருஷம்மா!" எவ்வளவு துள்ளலோடு வந்தது அந்தக் குரல், போனும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பிவிட்டது, இரண்டு நீல டிக், அம்மா பார்த்துவிட்டாள்... ரெண்டே வருஷம்மா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன் என்று ஊரை விட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது யார்? கதவு திறந்தது. "என்னம்மா, ரெடியா?" என்றார் மேனேஜர். "ரெடி சார்," என்று எழுந்தாள். அம்மா எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது... ரெண்டு என்று ஏன் வாயில் வரவில்லை?