தள்ளுவண்டி தின்ற ஆறு கிலோ

சலவை நிலையத்தில் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடி அப்படி. விடுதிப் போர்வைகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்க இறங்க, எடை போட்டு இயந்திரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம். சினைப்பையில் நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்று டாக்டரம்மா சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதவிலக்கு மனசு வைத்தால் வரும். இல்லையென்றால் நாலு மாதம் எட்டிப் பார்க்காது.

"எண்பத்திரண்டு கிலோ இருக்கீங்க. மூணு மாசத்துல நாலு கிலோ குறைச்சிட்டு வாங்க. உடம்பு தானா வழிக்கு வருதான்னு பார்ப்போம். வரலைன்னா முட்டை வளர மாத்திரை ஆரம்பிச்சுடலாம்" என்றிருந்தார் டாக்டரம்மா.

மாத்திரை மேல் சுருட்டைக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்குமா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

அன்றோடு டீயில் சர்க்கரை போனது. தட்டில் சோறு பாதியாகி, காய் இரண்டு மடங்கானது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தாள். வெள்ளிதோறும், மூட்டை நிறுக்கிற தரைத் தராசிலேயே ஏறி நின்றாள். ஆறு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தது. ஏழாவது வாரம் பார்த்தால், எழுபத்து நாலரை!

"அடியே, ஒரே வாரத்துல ஆறு கிலோவா? காத்துல பறந்துடாதடி, இந்த ஈரப் போர்வையைப் பிடிச்சுக்கோ" என்றாள் இஸ்திரி போடுகிற அக்கா.

"எல்லாம் நடைதான்க்கா."

"அப்ப நாளைலேர்ந்து நானும் உன்கூட இறங்குறேன். எனக்குப் பிள்ளை வேண்டாம்டி, இடுப்பு கிடைச்சாப் போதும்."

பன்னிரண்டாவது வாரம் எழுபத்து மூன்று. சுருட்டை ராணி மாதிரி டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். லாரி ஓட்டுகிற கணவனும் கூட வந்தான். மத்தியானம் அவன் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நர்ஸ் அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்து, "எழுபத்தொன்பது" என்று எழுதினாள்.

"சிஸ்டர், உங்க மெஷின் கெட்டுப்போச்சு. என்னங்க, நீங்க ஏறுங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். "எனக்குச் சரியாத்தான்மா காட்டுது."

சுருட்டை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்லத்தான் உறைத்தது. ஏழாவது வாரத்தில்தான் சலவை நிலையத்துக்குப் புதுத் தள்ளுவண்டிகள் வந்தன. துணியின் எடை மட்டும் தெரிய வேண்டும் என்று, காலையில் காலி வண்டியைத் தராசில் நிறுத்தி, அதன் ஆறு கிலோவைக் கழிக்கும்படி பொத்தானை அழுத்திவைப்பதே அவள்தான். சிரிக்காதீர்கள் கண்ணுகளா, வண்டிக்குக் கழித்த எடையைத் தராசு தன் எடையிலும் கழிக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

விஷயத்தைக் கேட்டு, "உன்னையும் வண்டியில வந்த மூட்டைன்னு நினைச்சிருக்கு பாரேன்" என்று வாய்விட்டுச் சிரித்த கணவன், அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"மூணு கிலோதாங்க குறைஞ்சிருக்கு. அவங்க கேட்ட நாலு கூட இல்ல. என் உடம்பு என்னை மதிக்கவே இல்ல."

உள்ளே டாக்டரம்மா எடைச் சீட்டை ஓரமாக வைத்தார். "பீரியட்ஸ் வந்த தேதி குறிச்சிட்டு வரச் சொன்னேனே, எங்க?"

அவள் தாளை நீட்டினாள். "ரெண்டு தடவை வந்துச்சு டாக்டர். ரெண்டு தடவையும் பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன், இந்த மாசமும் நிக்கலையேன்னு. அத்தை கதவைத் தட்டித் தட்டி ஓய்ஞ்சுட்டாங்க."

"நடுவுல முப்பத்தஞ்சே நாள். மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணும் போடல."

"நாலு மாசம் வராதது தானா வந்திருக்கு. இதுக்குப் போய் அழுவாங்களா? வாங்க, ஸ்கேன் பண்ணிடலாம்."

திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம். டாக்டரம்மா அதை அளந்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டர். இது கட்டி இல்ல, முட்டை நல்லா வளர்ந்திருக்கிற பை. ரெண்டு நாள்ல முட்டை வெளியே வந்துடும்."

"நான் நாலு கிலோ முடிக்கலையே டாக்டர்?"

"அதுக்கு அது தெரியாதும்மா. நீங்க நடந்தீங்க, சர்க்கரையை விட்டீங்க, அது வளர்ந்திருக்கு. இந்த மாசமே உண்டாகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வழி திறந்திருக்கு. இன்னும் மூணு நாலு நாள் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்."

சுருட்டை இன்னொரு தரம் அந்த வட்டத்தைப் பார்த்தாள். அவள் பேச்சைக் கேட்டு, அவளுக்கே தெரியாமல் வளர்ந்தது.

வெளியே வந்ததும் கணவன் லாரி ஆபீசுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, என் லோடை வேற ஆளுக்கு மாத்தி விடுங்க, நாலு நாள் லீவு வேணும்... இல்லண்ணே, உடம்பு நல்லாத்தான் இருக்கு... வீட்டுல ஒரு வேலை... என்ன வேலைன்னா... அட, அதை எப்படிண்ணே போன்ல சொல்றது?"

நர்ஸ் குனிந்து சிரித்தாள். அவனுக்குக் காது வரை சிவந்தது. சுருட்டை எட்டி அவன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அண்ணே, நான் அவர் வீட்டுக்காரி பேசுறேன். நாலு நாள் பத்தாது. அஞ்சு நாளாப் போட்டுடுங்க."